பூட்டிய அலமாரியில் பிழைத்த ஊமைப்படம்

நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அவ்வூரைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் ஒரு மலையாள நாவலைப் படமாக்கத் துணிந்தார். சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ என்பது அந்நாவல். பி. வி. ராவ் இயக்கிய அப்படம், பேசும் படங்கள் வந்து இரண்டாண்டுகள் கடந்த பின்னும், ஊமைப்படமாகவே 1933இல் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டது.

இந்நாவல் நம் மக்களும் அறிய வேண்டிய ஒன்று. கதைமாந்தருள் ஒருவனான அனந்தபத்மநாபன் பகைவரால் தாக்கப்பட்டுக் குற்றுயிராகக் கிடக்கிறான். அவனை எடுத்துச் சென்று உயிர் பிழைக்கச் செய்பவர்கள் பட்டாணிய வணிகர்கள். அவர்களிடையே சம்சுத்தீன் என்னும் பெயருடன் அவன் வாழ்கிறான். இன்றைய படங்களில் தாடியும் தொப்பியும் எதற்குப் பயன்படுத்தப்படுகின்றன என்பதை அறிந்த நமக்கு, 130 ஆண்டுகளுக்கு முன் பிற சமயத்தார் ஒருவர் இவ்வாறு எழுதியிருப்பது வியப்பையே தரும்.

படம் வெளியான சில நாட்களிலேயே வழக்கு மூண்டது. நாவலின் பதிப்புரிமை கமலாலயா புத்தக டிப்போவிடம் இருந்தது. தம் அனுமதியின்றிக் கதையைப் படமாக்கியது செல்லாது என்பது அவர்களின் வாதம். திரையிடல் நின்றது. படச்சுருள் பதிப்பகத்தாரின் கைக்குச் சென்றது. சுந்தர்ராஜ் பெரும் நட்டமடைந்தார்.

நியாயம் பதிப்பகத்தாரின் பக்கமே என்பது என் கருத்து. எழுத்தின் உரிமை விலை மதிப்புள்ள சொத்தாகுமா என்பதில் முற்கால, பிற்கால ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அது மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமையே என்றும், அதில் அத்துமீறல் கூடாது என்றும் தீர்மானித்தது. கிதாபுகளை நகலெடுத்து விநியோகிக்கும் நம் சகோதரர்கள் சிலர் இத்தீர்மானத்தை இன்னும் படிக்கவில்லை போலும்.

ஆனால் அந்த வழக்கிலிருந்து எவரும் எண்ணாத ஒன்று விளைந்தது. அக்காலச் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. எளிதில் தீப்பற்றும், காலப்போக்கில் தாமாகவே சிதைந்து பொடியாகும், அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இன்று இல்லை. அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ படமும் இல்லை. எந்தத் தடையுமின்றி ஊர் ஊராய்ச் சென்ற படங்கள் அழிந்தன. வழக்கில் சிக்கிப் புத்தகக் கடையில் முடங்கியதோ தப்பியது! 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அதனைப் பெற்றது.

இத்தகைய படத்தைச் செப்பனிட்டு, வீட்டிலிருந்தே காணும்படி மறுவெளியீடு செய்யலாமா? திருப்புட்குழி போன்ற கிராமத்திலும் கைப்பேசியே இன்று திரையரங்கு. படம் பார்ப்பதன் சட்டம் வேறு விவாதம். இங்கே கேள்வி ஹக்கைப் பற்றியது. நாவலாசிரியர் 1922இல் காலமானார். இந்தியச் சட்டப்படி நூலுரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரையிலும், படத்தின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரையிலும் நீடிக்கும். இரண்டும் முடிந்து பல்லாண்டுகள் ஆகின்றன. ஆதலால் மறுவெளியீட்டால் எவருடைய ஹக்கும் பறிபோகாது.

எஞ்சுவது அமானிதம். கறைகளை நீக்கலாம், நடுக்கத்தைச் சீராக்கலாம். ஆனால் இல்லாத காட்சியைப் புனைவதும், காட்சிகளுக்கிடையே வரும் மலையாள, ஆங்கில எழுத்துகளை இன்றைய ரசனைக்கேற்ப மாற்றுவதும் கூடா. புதிதாக இசை சேர்த்தால், அது புதியது என்று எழுதிக் காட்ட வேண்டும். படம் தொடங்குமுன் வழக்கின் வரலாற்றையும் குறிப்பிட வேண்டும்: உரிமை கோரியவர் யார், நட்டப்பட்டவர் யார், நாற்பது ஆண்டுகள் அச்சுருள் யார் வீட்டு அலமாரியில் கிடந்தது என்பனவற்றை.