மெக்காலே கூறாத மேற்கோள்: அதன் வரலாறும் வர்க்கச் சார்பும்

ஒரு நூலின் ஆசிரியர் யார் என்னும் வினா தமிழிலக்கிய வரலாற்று மாணவருக்குப் புதியதன்று. அகத்தியர் பெயரால் வழங்கும் பிற்கால மருத்துவ நூல்களும், ஒளவையார் என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிட்ட வெவ்வேறு காலப் புலவர்களும் அவ்வினாவை நம்முன் நெடுங்காலமாக நிறுத்தி வந்துள்ளனர். பெரும்பெயர் ஒன்றைச் சார்ந்து நிற்கும் கூற்றின் அதிகாரம் பெருகுகின்றது. போற்றப்படுபவரின் பெயரைப் போலவே வெறுக்கப்படுபவரின் பெயரும் இவ்வதிகாரத்தை வழங்கவல்லது. தோமஸ் பபிங்டன் மெக்காலேயின் பெயரில் இன்று உலவும் மேற்கோள் இதற்குத் தக்க உதாரணமாகும்.

1835 பெப்ரவரி 2 ஆம் திகதி பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரையின் பகுதி என்ற குறிப்புடன் அம்மேற்கோள் இணையவழியாகப் பரவியுள்ளது. இந்தியாவின் நீள அகலமெங்கும் தாம் சென்றதாகவும், பிச்சைக்காரனையோ திருடனையோ ஓரிடத்தும் காணவில்லையெனவும், அந்நாட்டின் முதுகெலும்பாகிய ஆன்மிக, பண்பாட்டு மரபை முறித்தாலன்றி அதனை வெல்லவியலாதெனவும், ஆதலாற் பழைய கல்விமுறையை மாற்றவேண்டுமெனவும் அவர் கூறியதாக அது அமைகின்றது. இதனைப் புறச்சான்று, அகச்சான்று என்னும் இருவகை அளவைகளாலும் நாம் சோதித்தல் வேண்டும்.

முதலிற் புறச்சான்று. 1833 ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின்கீழ் உருவாக்கப்பட்ட சட்ட உறுப்பினர் பதவியை ஏற்ற மெக்காலே, தமது பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்து, 1834 யூன் மாதம் சென்னையில் வந்திறங்கினார். 1838 இன் தொடக்கம்வரை அவர் இந்தியாவிலேயே இருந்தார். எனவே குறித்த நாளில் அவர் இலண்டனிற் பேசியிருத்தல் இயலாது. அன்று பாராளுமன்றமே கூடியிருக்கவில்லை. 1834 டிசம்பர் இறுதியிற் கலைக்கப்பட்ட அது, பொதுத் தேர்தலின் பின்னர் 1835 பெப்ரவரி 19 இலேயே மீண்டும் கூடிற்று.

அகச்சான்றும் இம்முடிபையே வலியுறுத்துகின்றது. அந்நாள்வரை மெக்காலே கண்ட இந்தியா சென்னை, மைசூர், நீலகிரி, கல்கத்தா ஆகியவற்றையும் அவற்றை இணைத்த வழிகளையும் கடந்து அதிகம் விரிந்ததன்று. வெல்லவியலாது என்ற கூற்றோ காலமுரண் உடையது. 1757 இற் பிளாசியிலும், 1799 இற் சீரங்கப்பட்டணத்திலும், 1818 இல் மராத்தியருக்கு எதிராகவும் பெற்ற வெற்றிகளால் உபகண்டத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கும்பனியின் பிடிக்குள் வந்துவிட்டது. பிச்சைக்காரர் இல்லாத நாடு என்பதும் அத்தகையதே. மெக்காலே சென்னையில் இறங்குவதற்கு முன்னர், 1832-33 இல், அதே மாகாணத்தின் குண்டூர்ப் பகுதி கொடும்பஞ்சத்தாற் சூறையாடப்பட்டிருந்தது.

அந்த நாளில் மெக்காலே உண்மையில் எழுதியது கல்வி பற்றிய ஒரு குறிப்புரையாகும். கல்விக்கென 1813 ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் ஒதுக்கிய ஒரு லட்சம் ரூபாவை எவ்வகைக் கல்விக்குச் செலவிடுவது என்பதே அங்கு விவாதப் பொருள். சமஸ்கிருதமும் அரபும் தமக்குத் தெரியாவென ஒப்புக்கொண்ட அவர், அம்மொழி இலக்கியங்களை இழித்துரைக்கத் தயங்கவில்லை. ஆள்வோருக்கும் ஆளப்படும் பெருந்திரளுக்கும் இடையே நின்று பொருளுரைக்கும், நிறத்தால் இந்தியராயும் சுவையால் ஆங்கிலேயராயும் அமைந்த ஒரு வகுப்பினரை உருவாக்கவேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார். 1835 மார்ச் 7 இல் ஆளுநர் நாயகம் பெண்டிங்க் பிறப்பித்த ஆணை ஆங்கிலக் கல்விக்குச் சாதகமாக அமைந்தது.

உண்மை ஆவணமே இத்துணைக் கடுமையானதாயிருக்கப் போலி ஏன் தேவைப்பட்டது? இவ்வினாவிலேயே பிரச்சினையின் மையம் உள்ளதென நாம் கருதுகின்றோம். உண்மைக் குறிப்புரை வர்க்க உருவாக்கத்தைப் பற்றிப் பேசுகின்றது. அதனை ஊன்றி வாசிப்பவர், அவ்விடைத்தட்டு வகுப்பினர் எவர், அவர்தம் வாரிசுகள் இன்று எங்குள்ளனர் என வினவுவர். ஆங்கிலக் கல்வி மேலிருந்து திணிக்கப்பட்டது மாத்திரமன்று. கல்கத்தாவின் வசதிபடைத்தோர் 1817 இலேயே இந்துக் கல்லூரியை நிறுவியிருந்தனர். 1823 இல் ராம்மோகன் ராய், சமஸ்கிருதக் கல்லூரிக்குப் பதிலாக மேலைநாட்டு விஞ்ஞானக் கல்வி வேண்டுமென ஆளுநர் நாயகத்துக்கு எழுதினார். 1853 இல் நியூயோர்க் டெய்லி ட்ரிபியூனில் எழுதிய கட்டுரையொன்றில் மார்க்ஸ், கல்கத்தாவிற் கல்வி பெற்று எழுந்துவரும் இப்புதிய வர்க்கத்தைச் சுட்டிக்காட்டினார்.

போலி மேற்கோளோ இவ்வினாக்களை அடைத்துவிடுகின்றது. அதில் வர்க்கம் இல்லை, சாதி இல்லை, நிலவுடைமை இல்லை. உள்ளவை குறையற்ற ஒரு பொற்காலமும் அதனைக் குலைத்த ஓர் அந்நியனின் சூழ்ச்சியுமே. மெக்காலே தலைமை வகித்த சட்ட ஆணைக்குழு, அவர் நாடு திரும்பியபின் 1841 இல் இந்திய அடிமைமுறை பற்றி விரிவான அறிக்கை சமர்ப்பித்தது. அவ்வறிக்கையிற் பதிவான சென்னை மாகாணத்துப் பண்ணையடிமைகளுக்கு அப்பொற்காலத்தில் இடமேயில்லை. பண்பாட்டு மீட்புவாதம் தனக்கு வேண்டிய நற்சான்றிதழை எதிரியின் வாயாலேயே பெற்றுக்கொள்கின்றது. புகழ்பவன் பகைவனாயிருப்பின் புகழ் நம்பத்தக்கதாகிவிடுகின்றதல்லவா?

போலியை மறுத்தல் மெக்காலேயைக் காப்பாற்றுவதாகாதா என ஐயுறுவோரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. குடியேற்றவாதத்தை விசாரணைக்கு நிறுத்த அதன் சொந்த ஆவணங்களே போதியன. போலிச்சான்று புகுந்த வழக்கிற் குற்றவாளியே ஆதாயம் பெறுவான். 1835 இன் குறிப்புரையை முழுமையாக வாசிப்போர் அதில் மெக்காலேயை மட்டுமன்றி, அவர் எதிர்பார்த்த வகுப்பினரின் வழிவந்தோராகிய நம்மையும் காண்பர். பல்கலைக்கழகத்திற் பயின்றோர் இம்மேற்கோளை ஆராயாது வழங்குவதற்கு, அக்காட்சி தரும் சங்கடமும் ஒரு காரணமாகலாம்.