மணிக்கட்டு ஊன்று வலி

தண்டால் எடுக்கும்போதோ, தரையில் கையூன்றி எழும்போதோ மணிக்கட்டில் உண்டாகும் வலி. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இரு வரிசைகளில் அமைந்துள்ளன. ஊன்றும் பாரத்தில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைக் கட்டைவிரல் பக்கத்து ஆர எலும்பும், எஞ்சியதைச் சுண்டுவிரல் பக்கத்து அல்னாவும் தாங்குகின்றன. உள்ளங்கை தரையில் பதிய மணிக்கட்டு ஏறத்தாழ 90 பாகை பின்வளைய வேண்டும். அது கைகூடாதவர்க்குப் புறங்கைப் பக்கம் மூட்டுறை நெருக்குண்டு வலிக்கும். சுண்டுவிரல் பக்கம் வலித்தால் அங்குள்ள முக்கோணக் குருத்தெலும்பில் கிழிசல் இருக்கலாம்.

வீட்டுப் பயிற்சியில் பாரத்தை அடியோடு நிறுத்தாமல் குறைப்பதே முறை. முதலில் சுவரில் கையூன்றித் தள்ளுதல், பிறகு மேசை விளிம்பில், கடைசியாகத் தரையில். தவழும் நிலையில் தோள்களை விரல்நுனிகளை நோக்கி மெல்ல முன்னும் பின்னும் அசைப்பது வளைவை மீட்க உதவும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, முன்கையை மேசைமேல் கிடத்தி, மணிக்கட்டை உயர்த்தி மெதுவாக இறக்கினால் தசைநாண்கள் வலுப்படும்; இறக்கும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். எடை பார்க்கும் கருவியை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, எத்தனை கிலோவில் வலி தொடங்குகிறது என்று வாரந்தோறும் குறித்துவைக்கலாம். ‘இப்போது பரவாயில்லை’ என்ற கணிப்பைவிட அது நம்பகமானது. முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுத்தால் வலி தணியும், ஆனால் வளைவு திரும்பாது.

விழுந்தபின் தொடங்கிய வலிக்கு, குறிப்பாகக் கட்டைவிரல் அடிக்குழியைத் தொட்டால் வலிப்பவர்க்கு, இப்பயிற்சிகள் பொருந்தா. அக்குழியின் அடியிலுள்ள படகெலும்பு முறிந்திருக்கலாம்; அம்முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.