நாரத்தை போய் ஆரஞ்சாக வந்த கதை

குர்ஆனை ஓதும் இறைநம்பிக்கையாளரை நபி (ஸல்) அவர்கள், மணமும் சுவையும் ஒருங்கே அமைந்த ‘உத்ருஜ்ஜா’ என்னும் கனிக்கு ஒப்பிட்டார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் இந்நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம், “ஹஜ்ரத், அது ஆரஞ்சுதானே?” என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு.

ஆரஞ்சு அன்று. உத்ருஜ் என்பது தடித்த தோலும் மிகுந்த மணமும் உடைய கனி. நம் ஊறுகாய்க்கு உதவும் கடாரங்காய்க்கு நெருங்கியது. ஆரஞ்சு இனத்து நாரஞ்ச் மரம் ஹிஜ்ரி 300க்குப் பின்னரே இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, முதலில் உமானிலும் பிறகு பஸராவிலும் சிரியாவிலும் பயிரானது என்று வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ எழுதியுள்ளார். ஹிஜ்ரி 300 என்பது கி.பி. 912. நபி (ஸல்) அவர்கள் மறைந்து அப்போது 280 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மரத்தோடு பெயரும் பயணம் செய்தது. நம் ‘நாரத்தை’, மலையாளத்து ‘நாரங்ங’ ஆகியவற்றுக்கு உறவான ஒரு தென்னாட்டுச் சொல்லே வடமொழியில் ‘நாரங்க’ ஆயிற்று என்று மொழியறிஞர் பலர் கருதுவர். அது பாரசீகத்தில் ‘நாரங்க்’, அரபியில் ‘நாரஞ்ச்’. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில் அச்சொல் வேரூன்றி இன்றும் ‘நாரங்ஹா’ என வழங்குகிறது. பிரெஞ்சுக்காரர் நாவில் முதலிலிருந்த நகரம் உதிர்ந்து ‘ஒராஞ்ஜ்’ ஆனது. அதுவே ஆங்கிலம் வழியாக ‘ஆரஞ்சு’ என்று நம்மிடம் திரும்பியது. வீட்டுப் பிள்ளையை நாமே விருந்தாளி என்று எண்ணி வரவேற்றோம்!

வியப்பு இத்துடன் முடியவில்லை. மஸ்ஊதீ குறிப்பிட்ட நாரஞ்ச் புளிப்பும் கசப்பும் உடையது. இனிப்பு வகையைப் பிற்காலத்தில் போர்ச்சுகீசிய வணிகர்கள் பரப்பியதால், அரபியர் அக்கனிக்கு அந்நாட்டின் பெயரையே சூட்டி ‘புர்துகால்’ என்றனர். துருக்கியரின் ‘போர்தகால்’ என்பதும் அதுவே. அரபியில் கசப்பு வகை மட்டும் இன்றும் நாரஞ்ச். புர்துகாலைத் தூய அரபுச் சொல் என்று நம்பி மனனம் செய்யும் மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாமும் மாணவராக இருந்தபோது அப்படி நம்பியவர்தாம்.

உத்ருஜ்ஜாவுக்குச் சில தமிழாக்கங்களில் ‘எலுமிச்சை’ என்றும் காண்கிறோம். பிழை சிறிதே, ஆயினும் எலுமிச்சையின் புளிப்பை அறிந்த பிள்ளை, ‘சுவை நல்லது’ என்ற இடத்தில் தயங்கி நிற்கிறான். ஆகவே, இப்போதெல்லாம் அந்தப் பாடம் வரும் நாளில் ஒரு கடாரங்காயை வகுப்புக்குக் கொண்டுசென்று, தோலை நகத்தால் கீறி, வரிசையாக முகரக் கொடுக்கிறோம்.