அக்னியூ அம்மையார் விடுமுறைக்குப் போன வீடுகள்

எமது பாடசாலையின் கதையை எழுதுகிறவர்கள் எல்லோரும் 1824 இல்தான் தொடங்குவார்கள். ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். பின்னர் ஸ்போல்டிங் தம்பதியர் வந்தார்கள். பிறகு எலிசா அக்னியூ அம்மையார் வந்தார். அதன் பிறகு கட்டடங்கள், அதிபர்கள், பரிசளிப்பு விழாக்கள். இந்த வரிசையை நாம் மனப்பாடமாகவே சொல்வோம். அதில் கொடுத்தவர்கள் அவர்கள், வாங்கியவர்கள் நாங்கள். பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அந்த நன்றியுரையே மீண்டும் மீண்டும் வருகிறது. அது தவறல்ல. ஆனால் அது பாதிக் கணக்குத்தான். ஒரு மனிசி முன்பின் தெரியாத ஊருக்கு வந்து நாற்பது வருடம் இருந்தாள் என்றால், அந்த நாற்பது வருடமும் அவளுக்குப் பாய் விரித்தவர்களும் தண்ணீர் வார்த்தவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அந்த மறுபாதியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

அமெரிக்க மிஷனறிமார் 1815 இல் நியூபரிபோட் துறைமுகத்தில் 'டிரையட்' என்ற பாய்க்கப்பலில் ஏறி, 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கினார்கள். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கியது. 1820 இல் அடுத்த குழு சேர்ந்தபின் வின்ஸ்லோ தம்பதியர் உடுவிலுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த இருப்பிடங்கள் போர்த்துக்கேயர் காலத்துப் பழைய கோவில்களும் அவற்றை அடுத்த வீடுகளும். அநேகமானவை கூரை இழந்து, மரம் முளைத்துக் கிடந்தவை. ஆகவே வந்தவர்கள் ஊரிலே யாருடைய வீட்டிலும் விருந்தாளியாக இறங்கவில்லை. பாழடைந்த கட்டடத்தைத் திருத்தி அதற்குள் இருந்தார்கள். ஊர் அவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தது. கூரைக்கு ஓலையும் உலைக்கு அரிசியும் ஊரிலிருந்து போயின, ஆனால் அது விலைக்கு வாங்கல், விற்றல். அதற்குப் பெயர் விருந்தோம்பல் அல்ல.

முதல் விருந்து நடந்தபோது விருந்தாளியாக இருந்தவர்கள் ஊர்க்காரரே. எமது பாடசாலையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு சிறுமிகள் மிஷன் வளவுக்கு வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது; விடவேயில்லை. இரவாயிற்று. வின்ஸ்லோ அம்மையார் உணவு கொடுத்தார். வெள்ளைக்காரர் வீட்டில் சாப்பிடுவது அக்காலத்தில் சின்னக் காரியமல்ல, சாதியை விட்டுப்போகிற காரியம். இருந்தும் பசி பொறுக்காமல் ஒருத்தி சாப்பிட்டுவிட்டாள். பெற்றோருக்குத் தெரியவந்தபோது, சோறு போட்ட நீங்களே இவளை வளர்த்துவிடுங்கள் என்றார்களாம். விடுதியின் முதல் பிள்ளைகள் அப்படித்தான் வந்தார்கள் என்பது கதை. சொல்பவருக்குச் சொல்பவர் விபரங்கள் சற்று மாறும். எமக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. நமது பாடசாலை ஒரு சோற்றுக் கோப்பையில் தொடங்கியது என்றும், அந்தச் சோற்றுக்கு ஒரு விலை இருந்தது என்றும் ஊர் நினைவு வைத்திருக்கிறது. யார் யாருக்குச் சோறு போடலாம், யார் யார் வீட்டில் வாய் நனைக்கலாம் என்பது சட்டப் புத்தகத்தைவிட இறுக்கமாக இருந்த மண் அது. வட்டுக்கோட்டை செமினரியிலேகூட முதலில் மாணவர்களின் சமையல் பெரும் பிரச்சினையாகத்தான் இருந்தது.

இந்தப் பின்னணியை வைத்துத்தான் எலிசா அக்னியூ அம்மையாரைப் பார்க்கவேண்டும். 1807 இல் நியூயோர்க் நகரில் பிறந்தவர். சிறுமியாகப் பூமிசாத்திர வகுப்பில் இருந்தபோதே தான் மிஷனறியாக வேண்டும் என்று எண்ணியவர் என்பார்கள். ஆனாலும் பெற்றோர் இருக்கும்வரை அவர்களை விட்டுப் போகவில்லை. அவர்கள் காலமான பின்னரே, முப்பது வயது தாண்டி, கப்பலேறினார். 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். திருமணமாகாத ஒரு பெண் தனியே இப்படி வந்தது ஊருக்குப் புதினம். 1879 வரை உடுவிலில் கற்பித்தார். இடையில் ஒருமுறையாவது தாய்நாட்டுக்குப் போகவில்லை. தாயையும் மகளையும், சில வீடுகளில் பேத்தியையும் படிப்பித்தார். ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று அவரை அழைத்தார்கள்.

விடுமுறை விட்டால் அவர் என்ன செய்தார்? பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அவருக்குப் போக வீடு இல்லை. ஆகவே அவரும் கிராமம் கிராமமாகப் புறப்பட்டு, தன்னிடம் படித்துக் கலியாணம் செய்து போன பெண்களின் வீடுகளுக்குப் போனார். அவர் இதைப் பணியாகத்தான் எண்ணியிருப்பார். ஜெபிக்கவும், பைபிள் வாசித்துக் காட்டவும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும்படி கேட்கவும்தான் போனார். ஆனால் போன இடத்தில் அவர் விருந்தாளி. எமது சங்கத்துக்கு யாப்பும் தலைவரும் பொருளாளரும் வருவதற்கு வெகுகாலம் முன்னரே பழைய மாணவிகள் கூடிய இடம் அதுதான் என்று நாம் சொல்லத் துணிகிறோம். கூட்டம் கூடியது அவரவர் வீட்டில், சந்தா ஒரு பேணி மோர்.

அந்த வீடுகளின் அமைப்பை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். தெருவில் சங்கடப்படலை. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவும் தண்ணீர் குடிக்கவும் அதற்குக் கூரையே போட்டிருப்பார்கள். உள்ளே வந்தால் தலைவாசல், ஆண் விருந்தாளிகளுக்கு. அதற்குப் பின்னே வீடு, விறாந்தை, நடுவில் முற்றம். அதற்கும் அப்பால் அடுப்படியும் கிணற்றடியும். வெளியாள் ஒருவர் எந்த இடம்வரை வரலாம் என்பதை வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. எந்த இடத்தில் பாய் போடப்படுகிறதோ அதுதான் அவருடைய எல்லை. ஆண் மிஷனறிமார் எவ்வளவு காலம் இருந்தாலும், எவ்வளவு நல்ல தமிழ் பேசினாலும், தலைவாசலோடு நின்றார்கள். மரத்தடியிலும் பள்ளிக்கூடக் கொட்டிலிலும் பிரசங்கம் செய்தார்கள். ஒரு பெண் மட்டுமே விறாந்தையைக் கடந்து பெண்கள் இருக்கும் பக்கம் போக முடியும். அவளும் அந்த வீட்டு மருமகளுக்கு எழுத்தறிவித்தவளாக இருந்தால்தான் அது இலகு.

மூக்குப்பேணியை மறந்துவிடக்கூடாது. இன்றைக்கு வெளிநாட்டு வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள் அழகுப் பொருளாக வைத்திருக்கிறோம். அதன் மூக்கு அலங்காரத்துக்கு வைத்ததல்ல. உதடு படாமல் அண்ணாந்து வாயில் வார்த்துக் குடிப்பதற்கு. வந்தவர் யாராயினும் தாகத்தோடு அனுப்பக்கூடாது, அதேநேரம் துடக்கும் வரக்கூடாது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் தீர்த்த கெட்டித்தனம் அது. வைத்தியர்களாகிய எங்களுக்கு, தொற்றுநோய்க் காலத்தில் இதைவிட நல்ல குவளை கிடைக்காது என்று தோன்றும். ஆனால் அன்றைக்குப் பயந்தது கிருமிக்கு அல்ல என்பதும் தெரியும். வெள்ளைக்கார ஆசிரியையை வீட்டுக்குள் இருத்திச் சாப்பாடு கொடுத்த பெண், அவர் போனபின் மாமியாரின் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. அயலட்டையின் பேச்சைக் கேட்கவேண்டியிருந்தது. சைவ வீடென்றால் கழுவித் துடைக்கவேண்டியும் இருந்தது. ஆகவே அந்த விருந்து இலவசமல்ல. கொடுத்தவள் ஏதோ ஒன்றைச் செலவழித்துத்தான் கொடுத்தாள்.

இதிலே நாம் பெருமைப்பட்டுக்கொண்டு நிறுத்திவிடவும் முடியாது. கடல் கடந்து வந்த அம்மையாருக்கு விரித்த பாய், அதே ஊரில் பனங்காணிக்கு அப்பால் இருந்த பெண்ணுக்கு விரிக்கப்படவில்லை. அவள் படலைக்கு வெளியே நின்றாள். அவளுக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்தார்கள். தூரத்திலிருந்து வந்தவருக்கு இளகிய வீடு பக்கத்தில் இருந்தவருக்கு இளக இன்னும் பல தலைமுறை பிடித்தது. சில இடங்களில் இன்றைக்கும் முடியவில்லை. யாழ்ப்பாணத்து விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதும் நமது கட்டுரைகளில் இந்த வரி வழமையாக விடுபட்டுப்போகும்.

விருந்தாளியாய் இருப்பது எப்படிப்பட்டது என்பதை எங்கள் தலைமுறை புத்தகத்தில் படிக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது நாங்கள் சீருடை போடும் வயதுப் பிள்ளைகள். தென்மராட்சியில் முன்பின் தெரியாத குடும்பங்கள் தங்கள் விறாந்தைகளையும் மாட்டுக்கொட்டில்களையும் திறந்துவிட்டன. ஒரு குடும்பத்துக்கென்று வெட்டிய கிணற்றில் பத்துக் குடும்பங்கள் அள்ளின. இன்னொருத்தியின் அடுப்படியில் நிற்கும்போது கை எங்கே வைப்பது, எதைத் தொடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று உடம்பு முழுவதும் கேள்வியாகிவிடும். சாப்பாடு போடுகிறவர் எவ்வளவு அன்பாகப் போட்டாலும் அப்படித்தான். அக்னியூ அம்மையாருக்கும் 1840 இல், தமிழ் சரியாக நாக்கில் ஏறாத அந்த முதல் விடுமுறைகளில், இந்தக் கூச்சம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறோம். கூச்சம் இருந்தும் மறுவருடமும் போனாரே, அதைத்தான் நாம் அவருடைய பெரிய குணமாக எண்ணுகிறோம்.

வைத்தியத்துறையிலும் இதே படலையும் இதே விறாந்தையும் குறுக்கே நின்றன. 1847 இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன் நமக்கெல்லாம் குரு. மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். தன் மாணவர்கள் காற்சட்டை போட்டு ஆங்கிலேயர்போல் ஆகிவிடக்கூடாது, ஊரவர்போலவே உடுத்தி ஊருக்குள் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். படலையைத் தாண்ட உடுப்பும் பேச்சும் எவ்வளவு முக்கியம் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. உடல்நலம் கெட்டு 1873 இல் அமெரிக்காவுக்குத் திரும்பிய பின்னும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. இருந்தும் அவர் ஆண். பிள்ளைப்பேற்று அறையின் வாசல் அவருக்கும் அவர் மாணவர்களுக்கும் இலகுவில் திறக்கவில்லை. மகப்பேற்று நூலைத் தமிழில் தந்தவர் மகப்பேற்று அறைக்கு வெளியே காத்திருக்க நேர்ந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே மேரி, மார்கரற் லீச் சகோதரிகள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஊர் ஊராகப் பணம் சேர்த்தார்கள். பெண்களுக்கான இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரி அப்படி எழுந்தது. எங்களில் எத்தனையோ பேர் பிறந்த இடம் அது.

அந்த ஆஸ்பத்திரியில் பணிசெய்யவென 1896 இல் புறப்பட்டு வந்தவர் கனடாவில் படித்த மேரி ஏர்வின் என்ற இளம் வைத்தியர். அவர் யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்திருந்தார். தமிழர் வீட்டில் விருந்துண்ணலாம், தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாயாகலாம், ஆனால் தமிழருக்கு மனைவியாகலாமா என்ற கேள்வி வந்தபோது மிஷன் வட்டாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சங்கடப்படலை வெள்ளைக்காரர் பக்கத்திலும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இணுவில் அவருக்கு நிலைக்கவில்லை. ஆனால் மேரி இரட்ணம் என்ற பெயரோடு அவர் இந்த நாட்டிலேயே வாழ்ந்தார், தெற்கிலே பெண்களின் வைத்தியராக உழைத்தார், 1930 இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார், 1958 இல் மக்சாய்சாய் விருது பெற்றார். வந்தவர்களில் விருந்தாளி என்ற நிலையைக் கடந்து குடும்பமாகவே ஆகிவிட்டவர் அவர். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்று அவரை இழந்தது எங்கள் மனதில் இன்னும் உறுத்துகிறது.

அக்னியூ அம்மையார் 1879 இல் ஓய்வுபெற்றார். அப்போதும் அமெரிக்காவுக்குப் போகவில்லை. கடைசிக் காலத்தில் மானிப்பாயில் லீச் சகோதரிகளோடு இருந்து, 1883 ஜூனில் காலமானார். அவரைப்பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் ஒரு பகுதி, அந்தச் சகோதரிகள் பின்னர் எழுதிய 'இலங்கையில் ஏழு ஆண்டுகள்' என்ற நூலிலிருந்து வந்ததுதான். எழுதத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்ததால் அவர் கதை பிழைத்தது.

பாய் விரித்தவர்களின் கதைக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் பெயர். விடுதிப் பிள்ளைகளுக்குப் பணம் உதவிய அமெரிக்க அன்பர்களின் பெயர்களையே அந்தப் பிள்ளைகளுக்கும் சூட்டுவது அக்கால வழக்கம். வீட்டில் வள்ளியாகவோ சின்னாச்சியாகவோ இருந்தவள் இடாப்பில் வேறொரு நாட்டுக் கிழவியின் பெயரோடு நின்றாள். கலியாணமானபின் இன்னாருடைய மனைவி. எனவே அக்னியூ அம்மையாருக்கு மோர் வார்த்தவளைத் தேடிப் போனால் இடாப்பில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், கோவில் பதிவில் இன்னொரு பெயர். வீட்டுக்காரரைத் தவிர வேறு யாராலும் இவற்றைப் பொருத்திப் பார்க்க முடியாது.

ஆகவே இம்மலரை வாசிக்கும் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறோம். சிட்னியிலோ ரொறன்ரோவிலோ சுன்னாகத்திலோ இருக்கலாம். உங்கள் பூட்டி, கொப்பாட்டி உடுவிலில் படித்தவர் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருந்தால், அவருடைய வீட்டுப் பெயரையும் இடாப்புப் பெயரையும், எந்த ஊர், எந்தக் குறிச்சி, வெள்ளைக்கார அம்மா வந்துபோன கதை ஏதும் உண்டா என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பெரியம்மாமார், குஞ்சம்மாமார் இருக்கிறபோதே கேட்டுவிடுங்கள். வீட்டில் பழைய மூக்குப்பேணி இருந்தால் அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் யார் சீதனத்தோடு வந்தது என்று எழுத்து வெட்டியிருப்பார்கள்.