காப்பு நாடாவில் பதிவு கெடுவது ஏன்? கண்டறிவது எப்படி?

கிள்ளான் – 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளானிலும் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் தண்ணீர் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு நாளில் அலுவலகக் கணினி போய்விட்டால், வேறிடத்தில் வைத்த காப்புப்படிதான் கைகொடுக்கும். கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டமும் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் சொல்கின்றன.

இதற்காகப் பல அலுவலகங்கள் இன்றும் காந்த நாடாவைப் பயன்படுத்துகின்றன. 2000ஆம் ஆண்டில் வந்த எல்.டி.ஓ. வகையே இப்போது பரவலாக உள்ளது. அதன் 9ஆம் தலைமுறை நாடா 1,035 மீட்டர் நீளமானது. 18 டெராபைட் தரவைக் கொள்ளும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாற்றால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினர் மின்னஞ்சல்களை இழந்தபோது, கூகுள் அவற்றை நாடாவிலிருந்துதான் மீட்டது.

ஆனால், எழுதிய நாடாவை மீண்டும் படிக்கும்போது பதிவு கெட்டிருந்தால் என்ன செய்வது?

முதலில் செய்ய வேண்டியது

சந்தேகத்துக்குரிய நாடாவில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். பேழையின் ஓரத்தில் உள்ள எழுத்துத் தடைப் பொத்தானை நகர்த்திப் பூட்டிவிடுங்கள்.

கோளாறு எங்கே?

அதே நாடாவை வேறு கருவியில் படித்துப் பாருங்கள். அங்கே சரியாகப் படித்தால் முதல் கருவியைச் சந்தேகிக்கலாம். பிறகு, முதல் கருவியில் புதிய நாடா ஒன்றில் எழுதிச் சோதியுங்கள். அது சரியாக இருந்தால் பழைய நாடாவில்தான் பழுது.

இரண்டிலும் பிழை வந்தால் கணினிப் பக்கம் பாருங்கள். எல்.டி.ஓ. கருவி எழுதிய உடனேயே படித்துச் சரிபார்த்து, பிழை கண்டால் அப்பகுதியை மறுபடியும் எழுதும். ஆனால், தன்னிடம் வந்து சேர்ந்ததை மட்டுமே அது சரிபார்க்கிறது. கணினியின் நினைவகம், கேபிள், இணைப்பு அட்டை ஆகியவற்றில் ஏற்கெனவே கெட்டுவிட்ட தரவை, கருவி அப்படியே ஒழுங்காக எழுதிவிடும்.

அடிக்கடி காணும் காரணங்கள்

• அழுக்கடைந்த தலைப்பகுதி: எழுதும் வேகம் குறையும், நாடா வழக்கத்தைவிடக் குறைவாகக் கொள்ளும். கருவி கேட்கும்போது துப்புரவு நாடாவைப் போடுங்கள். தேவையின்றி அடிக்கடி போட்டால் தலைப்பகுதி தேயும்.

• மேலெழுதுதல்: லினக்ஸில் 'எஸ்டி' என்ற சாதனப் பெயரைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு வேலை முடிந்ததும் நாடா தொடக்கத்துக்குச் சுருண்டுவிடும். இரண்டாவது காப்புப்படி முதலாவதை அழித்துவிடும். அடுத்தடுத்து எழுத 'என்எஸ்டி' என்பதைப் பயன்படுத்த வேண்டும்.

• தொகுதி அளவு: எழுதிய அளவு ஒன்று, படிக்கும் அளவு வேறு என்றால் நல்ல நாடாவும் கெட்டதுபோலத் தோன்றும். அளவை நாடாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

• திறந்திருக்கும் கோப்பு: கணக்கு மென்பொருள் இயங்கும்போதே நகலெடுத்தால் பாதி பழையது, பாதி புதியது என்று பதிவாகலாம்.

• வெப்பமும் ஈரமும்: நாடாவைக் காரில் விட்டுவிடக் கூடாது. இடம் மாற்றிய நாடாவை ஒருநாள் அறை வெப்பத்தில் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கீழே விழுந்த நாடாவை நம்பாதீர்கள்.

• தலைமுறை வேறுபாடு: 9ஆம் தலைமுறைக் கருவி 8, 9ஆம் தலைமுறை நாடாக்களை மட்டுமே படிக்கும். கருவியை மாற்றும் முன் பழைய நாடாக்களைப் புதியவற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மீட்டுப் பார்த்தால்தான் உறுதி

'வேலை முடிந்தது' என்று திரையில் வருவது மட்டும் போதாது. எழுதும் முன்பே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை சில கோப்புகளை நாடாவிலிருந்து வேறொரு கணினிக்கு மீட்டு, எண்களை ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போனால் கோப்பு மாறவில்லை. கணக்கு மென்பொருளிலும் அது திறக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு படி வேறிடத்தில் என்பது பொதுவான நடைமுறை. அந்த வேறிடம் வெள்ளம் ஏறாத இடமாக இருக்கட்டும். கீழ்த்தளக் கடையில் இருப்பவர்கள் ஒரு நாடாவை மேட்டுப் பகுதியில் உள்ள வீட்டிலோ கிளை அலுவலகத்திலோ வைப்பது நல்லது.