வீடு தேடி வந்த டாக்டருக்கு அஞ்சலி

தோற்றம்: யாரும் குறித்து வைக்கவில்லை. மறைவு: ஏறத்தாழ 1980. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தால் இப்படித்தான் அடிக்க முடியும். 1930ல் அமெரிக்காவில் டாக்டரும் நோயாளியும் நேரில் பார்த்துக்கொண்ட நூறு தடவைகளில் நாற்பது, நோயாளியின் வீட்டில் நடந்தன. 1950ல் அது பத்து. 1980ல் ஒன்று. எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை, எந்தக் கட்சியும் எதிர்த்து ஊர்வலம் போகவில்லை. ஏதோ ஒரு ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு போன் செய்தார்கள். காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று பதில் வந்தது. சாவுச் செய்தி வீடு வீடாக இப்படித்தான் தெரிந்தது.

ஆளை அடையாளம் சொல்வது சுலபம். கையில் வாய் அகன்ற கறுப்புத் தோல் பை. அதற்குள் ஸ்டெதஸ்கோப், தெர்மாமீட்டர், ஊசி, தையல் நூல், மார்ஃபின், நாலைந்து மாத்திரைக் குப்பிகள். ஊரில் முதலில் டெலிபோன் வைத்தவர்களிலும் கார் வாங்கியவர்களிலும் அவர் இருப்பார். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கிராமப்புறங்களில் அவருடைய ஃபீஸ் கோழியாகவும் உருளைக்கிழங்கு மூட்டையாகவும் விறகாகவும் வந்தது. அதுவும் இல்லாத வீட்டின் பாக்கி நோட்டில் ஏறி, நோட்டிலேயே நின்றுவிடும்.

பைக்குள் இருந்ததைவிட, பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கண்ணால் பார்த்ததுதான் வைத்தியத்தில் பாதி. மாடிப்படி எத்தனை செங்குத்து, அடுப்பு மூட்டி எத்தனை நாள் இருக்கும், கட்டிலுக்கடியில் என்ன பாட்டில், பாட்டியிடம் மருமகள் எந்தத் தொனியில் பேசுகிறாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க வேண்டியதில்லை. அடுக்களை வழியாகத்தான் உள்ளே வந்திருப்பார். இன்றைக்குப் பத்துப் பதினைந்து நிமிட ஆலோசனையில், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி கேட்கப்படும் எந்தக் கேள்வியும் இதற்கு ஈடாகாது.

அவருடைய ஆகச் சிறந்த படம் 1948 செப்டம்பர் 20 'லைஃப்' பத்திரிகையில் வந்தது. கொலராடோ மலைகளில் கிரெம்லிங் என்ற சிற்றூர். அங்கே எர்னஸ்ட் செரியானி என்ற முப்பத்திரண்டு வயது டாக்டர். சுற்றிலும் 400 சதுர மைலுக்கு, 2,000 பேருக்கு, அவர் ஒருவர்தான். புகைப்படக்காரர் டபிள்யூ. யூஜின் ஸ்மித் 23 நாள் அவர் பின்னாலேயே அலைந்தார். பையோடு புல்வெளி தாண்டி நடக்கும் செரியானி, குதிரை உதைத்த சிறுமியின் நெற்றிக் காயத்தில் குனிந்திருக்கும் செரியானி, நடுநிசிக்குமேல் ஒரு அறுவை முடிந்து காபிக் கோப்பையோடு கண் செருகி நிற்கும் செரியானி. பத்திரிகைக் கட்டுரைகளில் படங்களே கதை சொல்லும் முறைக்கு இதை முன்னோடியாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கடைசிப் படத்தில் டாக்டரின் பெருமையைவிட அவருடைய தூக்கமின்மைதான் பெரிதாகத் தெரிகிறது. இப்படி ஒருவரை ஓட வைத்து ஓர் ஊரின் ஆரோக்கியத்தை எத்தனை நாள் நடத்த முடியும்?

செத்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்லும் வழக்கத்தை இங்கே கொஞ்சம் மீற வேண்டியிருக்கிறது. சல்ஃபா மருந்துகளும் பென்சிலினும் வரும்வரை, நிமோனியா கண்ட வீட்டில் டாக்டரால் பெரும்பாலும் செய்ய முடிந்தது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான். நியூ ஜெர்சியின் ரதர்ஃபோர்டில் வாழ்நாள் முழுக்க வைத்தியம் பார்த்த கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், பிரசவம் பார்க்கவும் காய்ச்சல் பார்க்கவும் ஏழைக் குடியேறிகளின் வீடுகளில் ஏறி இறங்கியவர். அவர் எழுதிய ஒரு சிறுகதையில், தொண்டை அடைப்பான் இருக்குமோ என்று பார்க்க, வாய் திறக்க மறுக்கும் சிறுமியோடு டாக்டர் மல்லுக்கட்டுவார். அந்த வெறி தனக்கே பிடித்துப்போவதை அவரே ஒப்புக்கொள்வார். பழைய குடும்ப டாக்டர் என்றதும் கண் கலங்குகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் அவர் வரவுமில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்களின் பிரசவங்களைப் பெரும்பாலும் மருத்துவச்சிகளே பார்த்தார்கள். மருத்துவக் கல்வியைச் சீர்திருத்த வந்த 1910ஆம் ஆண்டின் ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, கறுப்பினத்தவருக்கென்று இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. வராத டாக்டருக்கு அஞ்சலி செலுத்த அந்தக் குடும்பங்களுக்குக் காரணமில்லை.

சாகக் கிடந்த நேரத்தில்தான் அவரைத் தூக்கி அரசியல் மேடையில் உட்கார வைத்தார்கள். 1945 நவம்பரில் அதிபர் ஹாரி ட்ரூமன், எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார். சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து ஒரு பொது நிதி. டாக்டரின் கட்டணம் அதிலிருந்து. அமெரிக்க மருத்துவ சங்கம் கொதித்தது. 1948 தேர்தலில் ட்ரூமன் ஜெயித்ததும், உறுப்பினர்களிடம் தலைக்கு 25 டாலர் வசூலித்து, கலிஃபோர்னியாவின் விட்டேக்கர் - பாக்ஸ்டர் என்ற பிரச்சார நிறுவனத்தை அமர்த்தியது. கணவன் மனைவி நடத்திய நிறுவனம். தேர்தல் பிரச்சாரத்தையே ஒரு தொழிலாக்கியவர்கள். அவர்கள் எடுத்த ஆயுதம் ஓர் ஓவியம். லூக் ஃபில்ட்ஸ் 1891ல் வரைந்தது: ஏழைக் குடிசை, இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில் நோயாளிக் குழந்தை, தாடையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர், பின்னால் இருட்டில் தாய் தகப்பன். அதற்கு முன்பே, 1947ல், மருத்துவ சங்கத்தின் நூற்றாண்டுக்கு அஞ்சல் துறை வெளியிட்ட மூன்று சென்ட் தபால்தலையிலும் அதே படம். அதைப் போஸ்டராக அடித்து, இந்தப் படத்துக்குள் அரசியலை விடாதீர்கள் என்று கீழே எழுதி, நாடு முழுக்க டாக்டர்களின் காத்திருப்பு அறைகளில் மாட்டினார்கள். போஸ்டரைப் பார்த்தவர்கள் எல்லாரும் டாக்டர் வராததால் தாங்களே கிளம்பி வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

ட்ரூமனின் திட்டம் தோற்றது. இதில் யாரும் சிரிக்காமல் விட்ட நகைச்சுவை ஒன்று உண்டு. ஃபில்ட்ஸ் ஆங்கிலேயர், குடிசை ஆங்கிலக் குடிசை, ஓவியம் தொங்குவது லண்டனில். அந்த இங்கிலாந்தில் 1948 ஜூலை 5 அன்று வைத்தியச் செலவை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின்பும் பல பத்தாண்டுகள் அங்கே குடும்ப டாக்டர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அரசியல் நுழைந்த படத்தில் டாக்டர் இருந்தார். நுழையாத படத்திலிருந்துதான் எழுந்து போய்விட்டார்.

போனதற்குக் காரணங்களில் சில நியாயமானவை. எக்ஸ்ரே இயந்திரமும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் பைக்குள் அடங்காது. 1946ல் வந்த ஹில் - பர்ட்டன் சட்டம் சின்ன ஊர்களிலும் ஆஸ்பத்திரி கட்டப் பணம் கொடுத்தது. ஒரு வீட்டுக்குப் போய்வரும் நேரத்தில் கிளினிக்கில் நாலு பேரைப் பார்த்துவிடலாம். கார் நோயாளியிடமும் வந்துவிட்டது.

பணம் ஓடிய வாய்க்கால் அதைவிடப் பெரிய காரணம். 1929ல் டல்லஸ் நகரில் பெய்லர் ஆஸ்பத்திரி, பள்ளி ஆசிரியர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது: மாதம் 50 சென்ட் கட்டினால் வருடத்தில் 21 நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை இலவசம். பிற்பாடு நாடு முழுக்கப் பரவிய ப்ளூ கிராஸ் காப்பீட்டின் விதை அது. காலியாகக் கிடந்த படுக்கைகளை நிரப்பப் பிறந்த யோசனை. வீட்டுக்கு வரும் டாக்டருக்கு அதில் இடமே இல்லை. 1942ல், போர்க்காலத்தில், சம்பளத்தை ஏற்றக் கூடாது என்று அரசு தடை போட்டபோது காப்பீட்டுச் சலுகையை அந்தத் தடையிலிருந்து விலக்கியது. ஆள் பிடிக்க முதலாளிகள் அதைக் கொடுத்தார்கள். 1954ல் அதற்கு வரி இல்லை என்று சட்டத்திலேயே எழுதியாயிற்று. காய்ச்சலும் கம்பெனி வேலையும் இப்படித்தான் முடிச்சுப் போடப்பட்டன. இன்றைக்கும் அமெரிக்கர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வைத்தியம் வேலையோடு வருகிறது, வேலையோடு போகிறது. பிடிக்காத வேலையில் ஏன் இருக்கிறாய் என்று அங்கே ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் பதில் 'இன்சூரன்ஸ்' என்ற ஒரு சொல்தான்.

டாக்டர் வீட்டுக்கு வருவது அரிதான பிறகு அவருடைய குரல் மட்டும் வந்தது, அதுவும் ஒரு நடிகர் மூலமாக. 1961ல் முதியோருக்கு அரசுக் காப்பீடு என்ற பேச்சு எழுந்ததும், மருத்துவ சங்கம் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதில் ரொனால்ட் ரீகன், இது சோஷலிசத்துக்குப் போடும் முதல் படி என்று எச்சரித்தார். டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்கு அழைத்து, காபி கொடுத்து, தட்டைச் சுழலவிட்டு, எம்பிக்களுக்குக் கடிதம் எழுத வைத்தார்கள். இருந்தும் 1965 ஜூலை 30 அன்று, மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸில், கிழவர் ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் அட்டை ட்ரூமனுக்கு. மெடிகேர் மறைந்தவரைப் பிழைக்க வைத்ததா என்றால் இல்லை. வீட்டுக்குப் போகும் டாக்டருக்கு அது தந்த தொகை சொற்பம். 1998ல்தான் அதை உயர்த்தினார்கள். அரசாங்கத்தின் கையும் முழுக்கச் சுத்தமில்லை.

1969ல் 'மார்கஸ் வெல்பி, எம்.டி.' தொடர் டிவியில் தொடங்கியது. நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பேசும் அன்பான டாக்டராக ராபர்ட் யங் நடித்தார். அடுத்த பருவத்தில் நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் அது. நடிகர் என்று தெரிந்தும், தங்கள் நோயைச் சொல்லி ஆலோசனை கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார்கள். டாக்டர் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருடங்களில், வாரம் ஒருமுறை வரவேற்பறைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

சாதாரண அமெரிக்கரின் அரசியல் எனக்குப் பிடிபடத் தொடங்கியது இந்த மறைந்தவர் வழியாகத்தான். 2009ல் ஒபாமாவின் மருத்துவச் சீர்திருத்தம் விவாதத்தில் இருந்தபோது, தென் கரோலினாவில் நடந்த கூட்டமொன்றில் ஒருவர் எழுந்து, என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று தன் எம்பியிடம் சொன்னார். நாடே சிரித்தது. மெடிகேரே அரசாங்கம்தானே! நான் அதை முட்டாள்தனமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனதில் இருந்தது தன் வீடு, தன் நோய், தன் டாக்டர். நடுவில் யாரும் வராத ஓர் அறை. அந்த அறைக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியும் ஆஸ்பத்திரி நிர்வாகமும் முதலாளியும் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் நிற்கும் அரசாங்கம்தான் அவர் கண்ணுக்குப் பட்டது. இன்று உயிரோடு இருக்கும் எந்த ஏற்பாட்டையும் அவர் காக்கவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் இப்போது போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் வந்தவரைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்ற சட்டம் 1986ல் வந்தது. கையெழுத்திட்ட அதிபர், இசைத்தட்டில் எச்சரித்த அதே ரீகன். பில்லிலிருந்து சட்டம் யாரையும் காப்பாற்றவில்லை. எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022ல் அமலான சட்டமும் தரையில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. அதனால், ஆம்புலன்ஸைக் கூப்பிடாதே, டாக்ஸி வரவழை என்று வலியோடு கெஞ்சுகிறவர்கள் உண்டு. 2023ல் அந்த நாடு மருத்துவத்துக்குச் செலவழித்தது 4.9 லட்சம் கோடி டாலர். மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம்.

வாரிசுகள் உண்டு. மெடிகேர் பிறந்த அதே 1965ல் குடியேற்றச் சட்டமும் மாறியது. உள்ளூர் டாக்டர்கள் போக விரும்பாத சிற்றூர்களில் இந்திய டாக்டர்கள் போய் உட்கார்ந்தார்கள். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ் 1980களில் டென்னசியின் ஜான்சன் சிட்டியில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்து, அந்த அனுபவத்தை 1994ல் 'மை ஓன் கன்ட்ரி' என்ற நூலாக எழுதினார். முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனைகள் 1970களிலிருந்து, நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கு மருத்துவக் குழுவை அனுப்புகின்றன. அதாவது கறுப்புப் பையை இன்றும் தொடர்ந்து தூக்கிக்கொண்டு போகிறவர்களில் அரசாங்கச் சம்பளக்காரர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு வாரிசு தனியார். மெடிகேர் பணத்தில் முதியோருக்குக் காப்பீடு நடத்தும் கம்பெனிகள் வீட்டுக்கு நர்ஸை அனுப்புகின்றன. அவர் ரத்த அழுத்தம் பார்ப்பார், மாத்திரைகளைக் குறித்துக்கொள்வார், நிறையக் கேள்வி கேட்பார், நோய்களைப் பட்டியலிட்டுக்கொண்டு போய்விடுவார். சிகிச்சை அவர் வேலையில்லை. பட்டியல் நீண்டால் அரசு அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கும் தொகையும் ஏறும். இப்படிக் குறிக்கப்பட்டு, அதன்பின் எந்தச் சிகிச்சைப் பதிவிலும் தலைகாட்டாத நோய்களுக்காகக் கோடிக்கணக்கான டாலர் போவதை அரசின் கண்காணிப்பு அலுவலகம் 2024ல் சுட்டிக்காட்டியது. நர்ஸை வீட்டுக்குள் விட்டதற்கு நன்றியாக முதியவருக்குக் கடையில் செலவழிக்க ஒரு பரிசு அட்டை கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு.