தாது வருடப் பஞ்சத்தின் ஒளிப்படங்கள்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் தமிழில் தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருடத்தில் (1876–77) தொடங்கியதால் இப்பெயர் வந்தது. எலும்பும் தோலுமாக ஒரு குடும்பம் தரையில் அமர்ந்து ஒளிப்படக் கருவியைப் பார்க்கும் பழைய படங்கள் இன்று இணையத்தில் பரவலாகப் பகிரப்படுகின்றன. அவற்றுள் பல இப்பஞ்சத்தின்போது எடுக்கப்பட்டவை. அவை பஞ்சத்தின் விளைவைக் காட்டுகின்றன, காரணத்தைக் காட்டுவதில்லை. காரணத்தை அறிய அக்கால அரசு ஆவணங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பஞ்சம் வந்த விதம்

1876ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வல்லம் வடகால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ள பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரிப் பாசனத்தை நம்பிய வேளாண் நிலம். பருவமழை இல்லையென்றால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் நெல் இல்லை, வயலில் கூலி வேலையும் இல்லை. செங்கல்பட்டு உட்பட மாகாணத்தின் பல மாவட்டங்களில் இதே நிலை ஏற்பட்டது. பிழைப்புத் தேடி மக்கள் சென்னை நகருக்கு நடந்தனர். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்களின் தொகையும் பெருகியது.

இப்பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. இதைவிடக் கூடுதலான மதிப்பீடுகளும் உள்ளன.

படம் எடுத்தவர்

இப்பஞ்சப் படங்களில் மிகவும் அறியப்பட்டவை வில்லோபி வாலஸ் ஹூப்பர் (1837–1912) எடுத்தவை. இவர் சென்னைப் படையின் குதிரைப்படை அதிகாரி. இந்திய மக்களை இனவாரியாகப் பதிவு செய்ய அரசு வெளியிட்ட 8 தொகுதி நூலுக்கும் (1868–75) படங்கள் அளித்தவர்.

அக்காலத்தில் படம் பதிவாகச் சில வினாடிகள் வரை ஆகும். அதுவரை எதிரில் இருப்பவர் அசையக் கூடாது. ஆகவே ஹூப்பரின் படங்களில் மக்கள் வரிசையாக உட்கார வைக்கப்பட்டோ நிற்க வைக்கப்பட்டோ உள்ளனர். அது நிகழ்ந்துகொண்டிருந்த காட்சி அன்று, ஒழுங்கு செய்யப்பட்ட காட்சி. பசி மட்டும் உண்மையானது. படத்தில் உள்ளோரின் பெயர்கள் குறிக்கப்படவில்லை.

1886 ஜனவரியில் ஹூப்பர் பர்மாவின் மண்டலேயில் பணியில் இருந்தார். அங்கு மரண தண்டனைக் கைதிகள் சுடப்படும் தருணத்தைப் படம் பிடிக்க முயன்றார் என லண்டன் டைம்ஸ் இதழின் நிருபர் செய்தி அனுப்பினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. விசாரணை நடந்து, அவர் பகிரங்கமாகக் கண்டிக்கப்பட்டார். பஞ்சப் படங்களைப் பற்றிப் பேசும் ஆய்வாளர்கள் இந்நிகழ்ச்சியையும் சேர்த்தே பேசுகின்றனர்.

படத்தில் இல்லாதவை

வைசிராய் லிட்டன் பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். 1873–74இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மா அரிசியை வரவழைத்து மக்களைக் காத்தவர் இதே டெம்பிள்தான். அதிகச் செலவு செய்தார் என்று அப்போது கடுமையாக விமர்சிக்கப்பட்டிருந்தார். சென்னையில் அவர் எதிர்த்திசையில் சென்றார். 1877 ஜனவரியில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் 1 அணாவும் கூலியாக நிர்ணயித்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

நாள் முழுவதும் மண் வெட்டுபவருக்கு இது போதாது என மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் வாதிட்டார். குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும், அதனுடன் காய்கறியும் பருப்பும் தேவை என்றார். 1877 மார்ச்சில் மாகாண அரசு தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்திச் சிறிதளவு பருப்பையும் சேர்த்தது. இதே பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சுமார் 3.2 லட்சம் டன் கோதுமை ஏற்றுமதியானது. கால் பவுண்டு தானியத்துக்கு நடந்த இந்த வழக்கை எந்தப் படத்திலும் காண முடியாது.

நிவாரண வேலையின் தடம் ஒன்று சென்னையில் இன்றும் உள்ளது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. கால்வாய்ப் பகுதி 1877–78இல் பஞ்ச வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது.

அச்சில் வந்த கதை

அன்றைய நாளிதழ்களால் ஒளிப்படத்தை அப்படியே அச்சிட இயலாது. மரக்கட்டையில் செதுக்கிப் படமாக மாற்றியே அச்சிட்டனர். 1877 அக்டோபரில் லண்டனின் இரு படப் பத்திரிகைகள் பெங்களூர், பெல்லாரிப் பஞ்சக் காட்சிகளை இவ்வாறு வெளியிட்டன.

அதே ஆண்டுகளில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் கொடும் வறட்சி நிலவியது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிட வெப்பமடையும் எல் நினோ நிகழ்வு இவற்றுக்குப் பொதுக் காரணமாகக் கருதப்படுகிறது. பிரேசிலின் சியாரா மாநிலத்தில் பசியால் மெலிந்தோரை ஜோவாகிம் கொர்ரேயா சிறு அட்டைப் படங்களாக எடுத்தார். 1878 ஜூலையில் ரியோ டி ஜெனிரோவின் கேலிச்சித்திர இதழ் ஒன்று, எலும்புக்கை ஒன்று அவ்வட்டைகளைப் பிடித்திருப்பதுபோல வரைந்து வெளியிட்டது. தொலைவில் இருந்த ஆட்சியாளர்களை நோக்கிய குற்றச்சாட்டாக அது அமைந்தது.

தவறான தலைப்புகள்

சென்னைப் படங்கள் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் படங்கள் என்ற தலைப்பில் அடிக்கடி பகிரப்படுகின்றன. வங்கப் பஞ்சத்தின் படங்கள் வேறு. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1943 ஆகஸ்ட் 22 அன்று அவற்றை வெளியிட்ட பின்னரே உலகம் அப்பஞ்சத்தைக் கவனித்தது. கையில் ஏந்தும் கருவியால் எடுக்கப்பட்ட அப்படங்களில் நகரத் தெருவும் நடைபாதையும் தெரியும். வரிசையாக அமர்ந்து நேரே பார்க்கும் மக்கள் இருந்தால், அது 1870களின் படமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தலைப்பு மாறினால் பொறுப்பும் இடம் மாறிவிடுகிறது. வங்கப் பஞ்சத்துக்குப் போரைக் காரணம் காட்டுவோர் உண்டு. தாது வருடத்தில் சென்னை மாகாணத்தில் போர் இல்லை. மழை பொய்த்தது; அதன்பின் ஒரு கூலி விகிதம் கையெழுத்தானது. 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை அளித்ததும், 1883இல் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு உருவானதும் இந்த அனுபவத்தின் பின்னரே. பெயரில்லாத அம்மக்களுக்கு அவர்களுடைய ஆண்டையும் மாகாணத்தையுமாவது சரியாகக் குறிப்பது வரலாறு படிப்போரின் கடமை.